சுனையைக் கலக்கியது யார்?

ஒரு காட்டில் அரசன் இல்லை. சிங்கமும் இல்லை, சிம்மாசனமும் இல்லை. ஆனாலும் குழந்தைகளே, அந்தக் காடு ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

அங்கே ஒரு கீரி புதிதாகக் குடிவந்தது. எதைக் கண்டாலும் துருவித் துருவிக் கேட்கும். அதனால் துருவி என்றே அதற்குப் பெயர். அது பிறந்த காட்டை ஒரு சிறுத்தை ஆண்டது. சிறுத்தை சொன்னதே அங்கே சட்டம். அதற்குப் பசி எடுத்தால், எதிரில் நின்றவன் குற்றவாளி. அங்கிருந்து எப்படியோ தப்பி வந்த துருவி, வழியில் பார்த்த புள்ளிமானிடம் முதல் வேலையாக, "இங்கே அரசர் யார்? நான் யாருக்குப் பயப்பட வேண்டும்?" என்று கேட்டது.

மானுக்குச் சிரிப்பு வந்தது. அப்படி யாரும் இங்கே இல்லை என்றது. ஒவ்வோர் இனமும் தன்னில் ஒருவரைத் தேர்ந்து பாறைமேட்டு மன்றத்துக்கு அனுப்பும். மன்றம் கூடிப் பேசி விதி செய்யும். அந்த விதி நடக்கிறதா என்று பார்ப்பது காட்டெருதின் வேலை. யாராவது விதியை மீறியதாகப் புகார் வந்தால், அது உண்மைதானா என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது ஆமையின் வேலை.

துருவிக்கு வியப்புத் தாங்கவில்லை. நேராகக் காட்டெருதிடம் போனது. "இவ்வளவு பெரிய கொம்பு இருக்கிறதே, விதியையும் நீங்களே செய்துவிட்டால் என்ன?" என்று கேட்டது. அது தன் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுக் காட்டெருது புல் மேயப் போனது. பிறகு துருவி ஆமையிடம் போனது. "உங்கள் தீர்ப்பைக் காட்டெருது கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள்?"

ஆமை ஓட்டிலிருந்து தலையை நீட்டியது. "இதுவரை கேட்டிருக்கிறது" என்றது.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. ஓடைகள் வற்றின. மலையடிவாரத்துச் சுனை ஒன்றில்தான் தண்ணீர் மிச்சம். அதைக் காப்பாற்ற ஒரு விதி வேண்டும் என்று மன்றம் கூடியது. குடிக்கலாம், இறங்கக் கூடாது என்றது மான். சேற்றில் புரளாவிட்டால் தோல் வெடித்துவிடும் என்றது காட்டுப்பன்றி. பேச்சு நீண்டுகொண்டே போனது. தாகத்தோடு காத்திருந்தவர்களுக்கு எரிச்சல் வந்தது.

காட்டெருதின் காதருகே நரி வந்து நின்றது. வாய்ப்பேச்சால் வயிறு நிறையுமா என்று கேட்டது. நல்லவர், வல்லவர் ஒருவர் இருக்கும்போது இத்தனை பேர் எதற்கு என்றும் சொல்லிவைத்தது.

காட்டெருது நேர்மையானதுதான். ஆனால் பொறுமை குறைவு. பாறைமேட்டில் ஏறி நின்று, மழை வரும்வரை விதி செய்வதும் காவல் காப்பதும் தீர்ப்புச் சொல்வதும் தன் பொறுப்பு என்று அறிவித்தது. சுனையைக் கலக்குபவர் காட்டை விட்டே வெளியேற வேண்டும் என்பது அது செய்த முதல் விதி. எல்லோரும் தலையாட்டினார்கள். ஆமை மட்டும், "இது சரியில்லை" என்றது. யாரும் திரும்பிப் பார்க்காததால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

துருவிக்கு முதுகு மயிர் சிலிர்த்தது. பழைய காடு நினைவுக்கு வந்தது. ஆனால் இது சிறுத்தை இல்லையே, நல்ல காட்டெருதுதானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிப் பார்த்தது. மனம் சமாதானம் ஆகவில்லை.

கொஞ்ச காலம் சுனை தெளிவாக இருந்தது. ஒரு காலையில் அது கலங்கிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி உடம்பெல்லாம் சேறாக வந்து சேர்ந்தது. "இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?" என்றது நரி. பன்றி ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள் காட்டெருது அதை எல்லைவரை துரத்திவிட்டுத் திரும்பிவிட்டது.

துருவி மட்டும் ஒன்றைக் கவனித்திருந்தது. சுனையின் சேறு கறுப்பு. பன்றியின் மேல் இருந்ததோ வற்றிய ஓடையின் செம்மண் சேறு. இதை யாரிடம் சொல்வது? மன்றம் கூடுவதில்லை. ஆமைக்கு வேலையில்லை. கடைசியில் காட்டெருதிடமே போய்ச் சொன்னது. தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று பதில் வந்தது.

பிறகு ஒரு நண்பகலில் சுனை மறுபடியும் கலங்கியது. விலங்குகள் கூடிவிட்டன. கரையிலிருந்து தண்ணீருக்குள் ஆழமான குளம்புத் தடங்கள் போயிருந்தன. அவ்வளவு பெரிய குளம்பு அந்தக் காட்டில் ஒருவருக்குத்தான் உண்டு. எல்லோரும் காட்டெருதை ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

துருவி காட்டெருதின் முன்னால் போய் நின்றது. "ஐயா, ஒரு புகார். சுனையைக் கலக்கியது நீங்கள்."

"யாரிடம் புகார் சொல்கிறாய்?"

"உங்களிடம்தான் ஐயா. வேறு யாரும் இல்லையே."

காட்டெருது நடந்ததைச் சொன்னது. மான்குட்டி ஒன்று சேற்றில் சிக்கித் தத்தளித்ததாம். உள்ளே இறங்கிக் கொம்பால் தூக்கிக் கரை சேர்த்ததாம். தாய்மானும் ஆமாம் என்றது. "ஆகவே விசாரித்துவிட்டேன். என்மேல் குற்றமில்லை" என்று காட்டெருது தீர்ப்புச் சொன்னது.

அது சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் ஒருவரும் நம்பவில்லை. பாவம், மான் பயத்தில் ஆமாம் போட்டது என்று முணுமுணுத்தபடி கலைந்தார்கள். காவலரே இறங்கும்போது நமக்கென்ன என்று மறுநாளே கரடி தண்ணீரில் இறங்கிக் குளித்தது. இரண்டு ஆண் மான்கள் கரையில் முட்டி மோதிக்கொண்டன. யாரும் புகார் கொண்டுவரவில்லை. பலம் உள்ளவர்கள் குடித்தார்கள், மற்றவர்கள் நாக்கு வறளக் காத்து நின்றார்கள்.

காட்டெருது துருவியைத் தேடி வந்தது. "நான் பொய் சொல்லவில்லை. ஏன் ஒருவர்கூட நம்பவில்லை?"

"உண்மையாகவே இருக்கலாம் ஐயா. ஆனால் சொன்னவரும் நீங்கள், அது சரி என்றவரும் நீங்கள்."

காட்டெருது ஆமையிடம் போய்த் தலை தாழ்த்தி, தன் வழக்கை விசாரிக்கும்படி கேட்டது.

ஆமை எல்லோரையும் வரச்சொன்னது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக, நிதானமாகக் கேட்டது. சுனையோரத்து மரத்தில் வாழும் மந்தி, மான்குட்டியைக் காட்டெருது தூக்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னது. அன்றே ஏன் சொல்லவில்லை என்று ஆமை கேட்டது.

"அன்று சொல்லியிருந்தால் காக்காய் பிடிக்கிறேன் என்பார்கள்" என்றது மந்தி. அதோடு, பன்றி துரத்தப்பட்ட நாளன்று விடிகாலையில் சுனையில் இறங்கி நண்டு தோண்டியது நரிதான் என்றும் சொன்னது. துருவி செம்மண் சேற்றைப் பற்றிச் சொன்னது. எல்லோரும் நரி நின்ற பக்கம் திரும்பினார்கள். நரி எப்போதோ கிளம்பிப் போயிருந்தது.

ஆமை தீர்ப்புச் சொன்னது. உயிரைக் காக்கத் தண்ணீரில் இறங்கியது குற்றமில்லை. ஆனால் பன்றியின் பேச்சைக் கேட்காமலே துரத்தியது குற்றம். பன்றி எங்கே இருந்தாலும் காட்டெருதே தேடிப் போய் அழைத்துவர வேண்டும்.

இவ்வளவு பெரிய உடம்பு இந்தச் சின்ன ஆமையின் சொல்லைக் கேட்குமா என்று துருவி எட்டிப் பார்த்தது. காட்டெருது திரும்பி எல்லையை நோக்கி நடந்தது.

காட்டெருதும் பன்றியும் வந்து சேர்ந்தபோது, சுனைக்கு விதி செய்ய மன்றம் மீண்டும் கூடியிருந்தது. மற்ற எதற்கும் முன்னால் தான் பேச வேண்டும் என்றது பன்றி. பேசியது. அழுதது, திட்டியது, மறுபடியும் முதலிலிருந்து பேசியது. வெயில் ஏறியது. காட்டெருது வாலைக்கூட ஆட்டாமல் கடைசிவரை நின்று கேட்டது.

நீதி: விதி செய்பவரும் காப்பவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒருவரே ஆனால், அவர் சொல்லும் உண்மையும் பொய்யாகவே தெரியும்.