நெகட்டிவுக்குக் காவல்

ஆசிரியர் பயிற்சி விண்ணப்பத்தில் ஒட்ட எனக்கு ஒரு போட்டோ வேண்டியிருந்தது. விண்ணப்பம் மறுநாள் தபாலில் போயாக வேண்டும். சங்கரன்கோவிலில் சவரிமுத்து ஸ்டூடியோ வரைக்கும் கூட வந்த அப்பா, வாசலில் நின்றுவிட்டார். படத்தை நாம் வாங்கிப்போனாலும் நெகட்டிவ் கடையில்தானே கிடக்கும், வயசுப் பொம்பளைப்பிள்ளை முகம் கண்டவன் கைக்குப் போகாது என்று என்ன நிச்சயம் என்றார். படம் இல்லாவிட்டால் படிப்பும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேசையிலிருந்த பவுடர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சவரிமுத்து நேராகப் பதில் சொல்லாமல், அப்பாவுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"ஏழைபாழைக்கும் போட்டோ கிடைக்கணும்னு கேமராவைச் சின்னதாக்கினது யாருன்னு நினைக்கிய அண்ணாச்சி? இந்தா, இந்தக் கைதான்."

பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பக்கத்துக் கடைத் தையற்காரர் பிச்சையா, நேற்று ரேடியோவையும் அதே கைதான் கண்டுபிடித்ததாகச் சொன்னதை நினைவூட்டினார். பேப்பரை இறக்கவில்லை.

சவரிமுத்து அதைக் காதில் வாங்கவில்லை. முன்பெல்லாம் கேமரா வீடு மாதிரி இருக்குமாம். இழுக்க எட்டு மாடு வேண்டுமாம். ஜமீன்தார் மட்டும்தான் படம் எடுத்துக்கொள்வார். ஒருநாள் எடுக்கிற நேரம் பார்த்து மாடு அசைய, ஜமீன்தார் மீசை பக்கத்தில் நின்ற அவர் சம்சாரத்தின் முகத்தில் விழுந்துவிட்டதாம். அன்றைக்கே சவரிமுத்து வெற்றிலைப்பெட்டியில் ஓட்டை போட்டுக் கேமரா செய்துவிட்டார்.

"சுண்ணாம்பை எங்க வச்சீரு?" என்றார் அப்பா.

"சுண்ணாம்பு இருந்த இடத்துலதான் லென்ஸ்."

அடுத்தது பிலிம். கண்ணாடித் தகடு உடைந்துபோகிறதே என்று, கூழ் வற்றலுக்குக் காய்ச்சுவது போல மருந்தைக் காய்ச்சி, மொட்டைமாடியில் வேட்டி விரித்து ஊற்றி, காய்ந்ததும் பாய் மாதிரி சுருட்டினாராம். சார்பதிவாளர் படம் விழுந்திருந்த துண்டை ஒரு காக்கா கொத்திக்கொண்டு போய்விட்டது. அந்த வருஷம் அது இட்ட முட்டையெல்லாம் சார்பதிவாளர் முகம். குஞ்சுகளுக்கு நடுவகிடு. பதிவு பண்ணாமல் அந்தக் கூட்டில் முட்டையிடக் குயிலுக்கே பயம்.

அப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

பிறகு கேமரா விலை இறங்கி, ஆடு மேய்க்கிறவர் வரைக்கும் வாங்கிவிட்டார்களாம். அவர் தூங்கும்போது ஆடு ஒரு படம் எடுத்தது. கழுவிப் பார்த்தால் ஆள் கலங்கல், புல் மட்டும் ஒவ்வொன்றும் அத்தனை தெளிவு.

பிச்சையா இப்போது பேப்பரை இறக்கினார். "அப்ப போன மாசம் என் தலையை வெட்டிப் படம் எடுத்ததும் அந்த ஆடுதானா?"

நான் சிரித்துவிட்டேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சவரிமுத்துவிடம், "அதெல்லாம் இருக்கட்டும். நெகட்டிவுக்கு என்ன சொல்லுதீரு?" என்றார்.

சவரிமுத்து குரலைத் தணித்தார். புளியங்குடியில் ஒரு பயல், அவர் எடுத்த ஒரு பெண்ணின் நெகட்டிவைத் திருடிக்கொண்டு போய் இருட்டறையில் படம் போட்டுக் கழுவினானாம். முதலில் ரிப்பன் வந்தது. அப்புறம் சடை. முகம் வர வேண்டிய இடத்தில் ஒரு ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணின் அப்பா. பயல் இன்னொரு படம் கழுவினான். அதில் அவர் ஒரு எட்டு முன்னால் வந்திருந்தார்.

"மூணாவதா ஒண்ணு கழுவுனான் அண்ணாச்சி. படத்துல அப்பாவைக் காணோம். பின்னால கதவு தட்டுத சத்தம்."

பிச்சையா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நான் எடுக்குத நெகட்டிவ் அம்புட்டும் அப்படித்தான். பெத்தவரு உள்ளயே காவல் இருப்பாரு."

அப்பா கொஞ்ச நேரம் கேமராவைப் பார்த்தார். பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதான் நான் உள்ள இருக்கேன்லா, வெளியிலயும் ஒரு ஆள் எதுக்கு? டீ குடிச்சிட்டு வாரேன். எடும்."