ஹவில்தார் துடைத்த நிழல்

“டீச்சரம்மா, இவங்களுக்கு முகமே வரமாட்டேங்குது.”

ரிட்டயர்டு ஹவில்தார் ஏகாம்பரம் ஒரு அட்டைப் பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே கட்டைவிரல் உயரத்தில் சிப்பாய் பொம்மைகள். வரைபடம் விரித்து, பகடை உருட்டி ஆடுகிற போர் ஆட்டத்துக்கான பொம்மைகள்.

வேலூரில் ஒரு டயர் கடை மாடியில் அந்த ஆட்டத்தையும், பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுவதையும் சொல்லிக்கொடுப்பவள் ரெபேக்கா. ஏகாம்பரத்தின் மகள் வயதுகூட இருக்காது. ஆனாலும் உள்ளே வரும்போதெல்லாம் அவர் விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி அவள் ஓய்ந்துவிட்டாள்.

“யார் சார் இவங்க?”

“என் செக்‌ஷன். பனிமலையில என்கூடச் சண்டை போட்டவங்க. ஞாயித்துக்கிழமை பழைய ஆளுங்க எல்லாம் என் வீட்டுக்கு வர்றாங்க. இது யாரு, அது யாருன்னு நான் சொல்லக் கூடாது. அவங்களே பார்த்துப் பேர் சொல்லணும்.”

ரெபேக்கா பார்த்தாள். வர்ணம் கோடு தாண்டவில்லை. ஒவ்வொரு பட்டனும் மின்னியது. ஆனால் அத்தனை பேரும் பாட்டிலில் போட்ட மிட்டாய் மாதிரி ஒரே அச்சாக இருந்தார்கள்.

“வாஷ் பூசணும்,” என்றாள்.

“கடையில விக்குதா?”

“எதுக்குக் கடை?”

கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் பழுப்பு வர்ணத்தை ஒரு மூடியில் விட்டாள். நிறையத் தண்ணீர் ஊற்றினாள். பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவம் ஒரு சொட்டு சேர்த்தாள்.

“சோப்பு எதுக்குங்க?”

“இல்லைன்னா தண்ணி முத்து முத்தா மேலேயே நின்னுடும். இது போட்டாத்தான் மடிப்புக்குள்ள இறங்கும்.”

“சுத்தம் பண்ணத்தான் சோப்புன்னு இத்தனை நாள் நெனச்சிட்டிருந்தேன். அழுக்காக்கவும் அதுதானா!”

பிரஷால் ஒரு பொம்மைமேல் தடவினாள். கலங்கல் தண்ணீர் தானாக ஓடி, கண்குழியிலும் கன்னத்துக்குக் கீழேயும் சட்டை மடிப்பிலும் நிழலாகத் தங்கியது. மேடான இடமெல்லாம் வெளுத்து நின்றது.

ஏகாம்பரம் குனிந்து பார்த்தார்.

“அடடே, நம்ம துரைக்கண்ணு!”

அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்த நொடி காலரில் கறை கண்ணில் பட்டது. கைக்குட்டை தானாக வெளியே வந்தது. துடைத்தார். துரைக்கண்ணு போயே போய்விட்டார்.

“தொடாதீங்க சார். காயற வரைக்கும் அதைச் சும்மா விடணும்.”

“சரிங்க.”

பூசினார். துடைத்தார். மறுபடியும் பூசினார். மறுபடியும் துடைத்தார். இந்த மனுஷரை என்னதான் செய்வது! பிடிவாதத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை. ஆனால் இரண்டு பக்கமும் தானே நின்று சண்டை போட்டால் யார்தான் ஜெயிக்க முடியும்?

“என்னால முடியல, டீச்சரம்மா. ஒரு பட்டன் மங்கியிருந்தாக்கூட கிரவுண்டைச் சுத்தி ஓட விட்டவன் நான். என் பசங்களை நானே அழுக்காக்கறதா?”

ரெபேக்கா கைக்குட்டையைப் பிடுங்கவில்லை. பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வரிசையாக நிறுத்தினாள்.

“சார், இவங்க இப்போ பரேடுல நிக்கறாங்களா, மலையில நிக்கறாங்களா?”

ஏகாம்பரம் அந்த வரிசையைப் பார்த்தார். பொம்மைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். போகும்போது சல்யூட்கூட வைக்கவில்லை.

அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை திரும்ப வந்தார். விரல் நகமெல்லாம் பழுப்பு. கண்ணில் தூக்கமே இல்லை.

“கைக்குட்டையை வீட்டுக்காரிகிட்டக் கொடுத்து, நான் கேட்டாலும் தராதேன்னுட்டேன்,” என்றார்.

ரெபேக்கா பெட்டியைத் திறந்தாள்.

முழங்காலெல்லாம் சேறு. பூட்ஸில் மண். ஒருவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தான். இன்னொருவன் எதற்கோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். துரைக்கண்ணு திரும்பி வந்திருந்தார். அவர்களை ஒரு நாளும் பார்த்திராத ரெபேக்காவுக்கே பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும் போலிருந்தது.

ஓரத்தில் ஒருவன் மட்டும் பளபளவென்று நின்றான். சட்டையில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

“ஒண்ணை விட்டுட்டீங்க, சார்.”

அவள் பிரஷை வாஷில் தோய்த்துக்கொண்டு கையை நீட்டினாள்.

ஏகாம்பரம் அந்தப் பொம்மையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“விடல. இவன் இப்படித்தான்.”

“முகமே இல்லையே சார். நாளைக்கு வர்றவங்களுக்கு இது யாருன்னு எப்படித் தெரியும்?”

“தெரியும். காலையிலதான் எங்ககிட்ட வந்து சேர்ந்தான். மத்தியானத்துக்குள்ள போயிட்டான். இவன் சட்டையில அழுக்குப் படிய நேரமே கெடைக்கல, டீச்சரம்மா.”