அவையில் எழுந்த சிரிப்பு

"நான் பேசினது சரிதான் அம்மா. அப்புறம் ஏன் எனக்கு மனசு ஆறவில்லை?"

கேட்டவள் கோதைநாயகி. ஒரு காலத்தில் நானூறு மீட்டர் ஓட்ட வீராங்கனை. இப்போது சட்டமன்ற உறுப்பினர். அவள் முன்னின்று வாதாடிய சட்டம் போன வாரம்தான் நிறைவேறியிருந்தது. திருநங்கைகள் இனிப் பெண்கள் பிரிவில் ஓட முடியாது.

"ஊரில் மாலை போட்டார்கள், மேளம் அடித்தார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் ஒரு வாய் இறங்கவில்லை."

குரு அருளம்மை ஆசிரமத்துச் சமையல்கட்டு வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். கூடையைக் கோதையின் பக்கம் நகர்த்தினார். அவளும் உட்கார்ந்து உரித்தாள்.

"என்ன பேசினாய்? எனக்கும் சொல்."

கோதை சொன்னாள். ஆணுடலாக வளர்ந்த வருஷங்கள் எலும்பிலும் தசையிலும் தங்கிவிடும் என்றாள். விடியுமுன் எழுந்து வெறுங்காலோடு ஓடுகிற பெண்களைச் சொன்னாள். ஒரு பதக்கத்தை நம்பியிருக்கும் வேலையை, அந்த வேலையை நம்பியிருக்கும் வீட்டைச் சொன்னாள். மைதானத்தில் தான் பட்ட பாட்டுக்கு வந்தபோது குரல் தானாக உயர்ந்தது.

அருளம்மை உரித்தபடியே கேட்டார்.

"மறுத்துப் பேசினவர்கள்?"

"இருந்தார்கள். ஆண் ஹார்மோனைக் குறைக்கும் மருந்து எடுத்துக்கொண்டால் அந்தப் பலம் குறையும் என்றார்கள். இருப்பதே நாலைந்து பேர், அவர்களைத் தடுக்க ஒரு சட்டமா என்றார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்."

"சரி. அவ்வளவுதானா பேசினாய்?"

கோதையின் கை நின்றது.

"நடுவில் வேடிக்கையாக ஒன்று சொன்னேன்."

"யாரைப் பற்றி?"

"நிறைமதி என்று ஒரு திருநங்கை. நன்றாக ஓடுவாள். அன்றைக்குப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துத்தான் சொன்னேன்."

"சிரித்தார்களா?"

"மொத்த அவையும் சிரித்தது. எதிர்க்கட்சிக்காரர்கள்கூட."

கோதை தலை நிமிரவில்லை.

"பக்கத்தில் அவளைப் பெற்றவள் இருந்தாள். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அவளும் சிரித்தாள். என்னவென்று புரியாமலே சிரித்தாள். அப்புறம் திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தாள்."

உள்ளே உலை கொதிக்கும் சத்தம் கேட்டது. அருளம்மை இன்னும் நாலு காய் உரித்தார்.

"சட்டமே தப்பு என்கிறீர்களா?"

கோதையின் குரலில் கெஞ்சல் இருந்தது. தப்பு என்று சொல்லிவிட்டால்கூடத் தேவலை. வாதாடலாம். வாதாட அவளுக்குத் தெரியும்.

"அது எனக்குத் தெரியாது. நான் ஓடினதில்லை."

அருளம்மை கையைத் துடைத்துக்கொண்டார். கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவளுக்கு நேரே திரும்பி உட்கார்ந்தார்.

"அந்த வேடிக்கையைச் சொல். நானும் சிரிக்கிறேன்."

கோதை வாயைத் திறந்தாள்.

வார்த்தைகள் ஒன்றுகூட மறக்கவில்லை. அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் சரளமாக வந்தவை. இப்போது நாக்கு புரளவில்லை. காது மடல் இரண்டும் சுட்டன.

"சொல்லம்மா."

கோதை முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அருளம்மை சிரிக்கத் தயாரான முகத்தோடு காத்திருந்தார்.