உச்சிச் சோலைத் தவளை

செலினுக்குக் காது கேட்கும். மனிதர் பேச்சு, மழை, ஜீப் ஏறிவரும் சத்தம் எல்லாம் கேட்கும். காசநோய்க்கு மாதக்கணக்கில் போட்ட ஊசி, மெல்லிய கீச்சொலிகளை மட்டும் கொண்டுபோய்விட்டது. அவர் வருஷக்கணக்காக ஆராய்ந்துவந்த புதர்த்தவளை அந்த மெல்லிய ஒலியில்தான் கூப்பிடும்.

கட்டைவிரல் நகத்தளவுத் தவளை. கண்ணாடி வளையல்கள் உரசினாற்போல் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு அடங்கிவிடும். முன்பெல்லாம் ஓடைக்கரையிலேயே கேட்கும். மலை சூடாகச் சூடாக, ஈரம் தேடி மேலே ஏறியது. ஓடையை விட்டுப் பாறைக்கு, பாறையை விட்டு உச்சிச் சோலைக்கு. அதற்கு மேல் ஏற மலை இல்லை.

செலினிடம் மாணவராகச் சேர்ந்த வைரவன் அவரைவிட வயதில் மூத்தவர். கல்லூரி வேலையை உதறிவிட்டு வந்தவர். சேர்ந்த வருஷம் ஒரு மாலையில் தவளையின் குரல் அவர் காதில் விழுந்தது. அவர் வாய் திறப்பதற்கு முன்பே, அவர் முகத்தைப் பார்த்தே செலின் சிரித்துவிட்டார்.

அதன் பிறகு மழைக்காலங்கள் வந்து போயின. குரல் வரவில்லை. இந்த ஆண்டும் கேட்காவிட்டால் உச்சிச் சோலைக்கு இனிப் பணம் இல்லை என்று நிதி தரும் அமைப்பு சொல்லிவிட்டது. ஒலிப்பதிவுக் கருவியும் ஈரத்தில் பழுதாகிப்போனது. மிஞ்சியது வைரவனின் காது ஒன்றுதான்.

ஆய்வின் கடைசி மாலை. மரங்களுக்குள் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. பாசி படர்ந்த வேர்களின்மேல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வைரவன் கண்ணை மூடிக்கொண்டு உற்றுக் கேட்டார். இலைகளிலிருந்து நீர் சொட்டியது. தூரத்தில் ஒரு காட்டுக்கோழி. அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தபோது செலின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பசித்த பிள்ளை அடுப்பைப் பார்க்கிற பார்வை. வைரவனால் தாங்க முடியவில்லை.

"கேட்டுது மேடம்," என்றார்.

எந்தப் பக்கம் என்று செலின் கேட்டார். வைரவன் மேட்டுப் புதரைக் கைகாட்டினார்.

செலின் எழுந்து போய் அந்தப் புதர் முன்னால் நின்றார். ஈர இலை ஒன்றை விரல் நுனியால் தொட்டார். நெடுநேரம் திரும்பவே இல்லை.

வந்து உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கு உங்க முகமே சொல்லுச்சு. இன்னைக்கு வாய் மட்டும்தான் சொல்லுது."

வைரவன் தலை குனிந்தார். கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். இந்தச் சோலையை விட்டுப் போக மனசு வரவில்லை, உங்கள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, அதனால்தான் சொன்னேன் என்றார்.

"எனக்கும்தான் மனசு வரல. கொஞ்ச நேரம் நம்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு."

பனி இன்னும் நெருங்கி வந்தது. எதிரே இருந்த மரங்கள் மறைந்தன.

"உண்மையை எழுதினா பணம் நின்னுடும் மேடம். ஜீப்பும் இருக்காது. அப்புறம் எப்படி வருவோம்?"

"பஸ்ல வருவோம்."

வைரவன் ஆய்வுத்தாளை எடுத்து முழங்கால்மேல் வைத்தார். அன்றைய கட்டம் காலியாக இருந்தது. பேனாவைத் திறந்தார், எழுதக் கை வரவில்லை.

"அப்ப, தவளை இல்லைன்னு எழுதிடட்டுமா?"

செலின் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்கலைன்னு எழுதுங்க, வைரவன். இல்லைன்னு எழுதாதீங்க."