ஒன்று குறைந்த தொண்ணூறு லட்சம்

குணநந்தி அடிகளின் மலைப்பள்ளியில் ஒரு கட்டளை இருந்தது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண், பகா எண். பெரிய பகா எண் ஒன்றைக் கண்டுபிடித்தவன் அதைப் பாறையில் வெட்டலாம். அன்றிலிருந்து அவன் ஆசிரியன். வெட்டிய எண் வகுபட்டுவிட்டால் மலையிறங்க வேண்டியதுதான். வெட்டியதை அழிக்கக் கூடாது.

சேந்தன் உப்பு வியாபாரத்தை விட்டுவிட்டு நாற்பதாவது வயதில் வந்து சேர்ந்தவன். அவன் எடுத்துக்கொண்ட எண் 89,99,999. மூவாயிரத்துக்குக் கீழே உள்ள பகா எண்கள் நானூற்று முப்பதாலும் அதை வகுத்துப் பார்க்க வேண்டும்.

சேந்தன் சொன்னதை நம்பி, கல்தச்சன் கொற்றன் காலையிலேயே உளியை எடுத்துவிட்டான். எட்டு விழுந்தது. அடுத்து ஓர் ஒன்பது.

சேந்தன் அடிகளிடம் ஓடி வந்தான்.

"நானூற்று இருபத்தொன்பதால் வகுத்தாயிற்று. எதற்கும் மசியவில்லை. 2999 மட்டும் பாக்கி."

"வகுத்துவிடு."

"இத்தனைக்கும் மசியாதது கடைசி ஒன்றுக்கா மசியப் போகிறது, அடிகளே?"

மேலே உளிச் சத்தம் நிற்கவில்லை.

அடிகள் இருபத்தைந்து கூழாங்கற்களை அடுக்கினார். ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து. கடைசி மூலையில் இருந்த கல்லை எடுத்து வீசினார். அந்த ஓரத்தில் மிஞ்சிய நான்கையும் எடுத்துக் கீழே புது வரிசையாக வைத்தார். இப்போது ஆறு வரிசை, வரிசைக்கு நான்கு. ஒரு கல்லும் மிஞ்சவில்லை.

சேந்தன் தன் எண்ணை மனத்துக்குள் அப்படியே அடுக்கிப் பார்த்தான். மூவாயிரம் வரிசை, வரிசைக்கு மூவாயிரம் என்றால் தொண்ணூறு லட்சம். தன் எண் அதற்கு ஒன்று குறைவு. அப்படியானால் 3001 வரிசை, வரிசைக்கு 2999.

"நிறுத்து, கொற்றா!" என்று கத்திக்கொண்டே ஏறினான்.

"நல்லாயிருக்கே! நாலு இலக்கம் வெட்டின பிறகா? தண்ணி ஊத்திக் கரைக்க இது என்ன உப்பா?"

பாறையில் 8999 நின்றது. அடிகள் நிதானமாக ஏறி வந்தார்.

"நான் இறங்கிவிடுகிறேன்" என்றான் சேந்தன்.

"என்ன வெட்டியிருக்கிறது?"

"எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது."

"வகுபடுமா?"

"தெரியாது."

"தெரியாமலே இறங்குவாயா?"

சேந்தன் மணலில் உட்கார்ந்தான். இதற்கு எண்பத்தொன்பது வரை போனால் போதும். இருபத்து நான்கு பகா எண்கள். ஏழால் வகுத்தான், மீதி நான்கு. பதினேழால், மீதி ஆறு. ஐம்பத்து மூன்றில் ஒருமுறை தப்பாகி, அழித்து மறுபடி போட்டான். எண்பத்து மூன்றால் வகுத்தான், மீதி முப்பத்தைந்து.

கொற்றன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

"இருபத்து மூணு ஆச்சு சாமி. இனிமேலா வகுபடப் போவுது? நான் உளியைக் கட்டிடவா?"

"அவனைக் கேள்" என்றார் அடிகள்.

சேந்தன் நிமிரவில்லை. மணலை நிரவிவிட்டு எண்பத்தொன்பது என்று எழுதினான்.