சலேத்து கேட்ட பாட்டு

திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் இன்னாசி. ஒரு சனிக்கிழமை காலையில் தன் ஸ்டீல் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மேலப்புதூருக்குப் போனார். அங்கே சுகிர்தா என்ற ஆசிரியை கிட்டார் சொல்லிக்கொடுத்தார். இன்னாசியின் மூத்த மகளைவிட வயதில் சின்னவர். ஆனால் மாதா கோயில் பாட்டுக்குழுவில் எல்லோரும் அவர் பெயரைத்தான் சொன்னார்கள்.

இன்னாசி உட்கார்ந்ததும் கேட்டார்.

"டீச்சர், இது கரண்ட்ல வாசிக்கிற கிட்டார். இதுல ரெஸனேட்டர் கிட்டார் சத்தம் வருமா?"

"ரெஸனேட்டரை எங்க கேட்டீங்க, அங்கிள்?"

"பெங்களூர்ல, அக்கா மகன் கல்யாணத்துல. ஒருத்தர் கொண்டுவந்திருந்தார். அந்தக் கிட்டார் வயித்துக்குள்ள மெல்லிசா கிண்ணம் மாதிரி ஒண்ணு. கரண்டே இல்ல, ஆனா மண்டபம் முழுக்க கணீர்னு கேட்டுச்சு."

"பிடிச்சிருந்ததா?"

"எனக்கில்ல. சலேத்துக்கு."

சலேத்து அவர் மனைவி. இரண்டு வருடமாக அவளுக்குக் காது மந்தம். மிஷின் வைத்துக்கொண்டால் பேச்சு கேட்கும். அந்தக் கல்யாணத்தில் அவள் இன்னாசியின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, ஒவ்வொண்ணும் தனித்தனியா கேக்குதுங்க" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

"என் வாசிப்பைப் பத்தி அவ அப்படிச் சொன்னதில்ல, டீச்சர்."

"வேற என்ன சொல்வாங்க?"

"நல்லாயிருக்குன்னு சொல்வா. எதிர்ல உக்காந்து தலையாட்டுவா. போன வாரம் வாசிச்சுக்கிட்டே திரும்பிப் பாத்தேன். காது மிஷின் ஃபிரிட்ஜ் மேல கிடக்குது. அவ தலையாட்டிக்கிட்டு இருக்கா."

சுகிர்தா வாசிக்கும்படி கை காட்டினார்.

இன்னாசி கிட்டாரை மடியில் படுக்கவைத்தார். இடது கையில் உருக்குத் துண்டை எடுத்துக்கொண்டார். கம்பியைத் தட்டிவிட்டு, பெடலை மெல்ல மிதித்து நாதத்தைப் பெருக்கி, உருக்குத் துண்டை வழுக்கிக்கொண்டே போனார். நாதம் அறுபடாமல் நீண்டது. பொன்மலையில் அந்த நீளத்துக்குத்தான் அவருக்குப் பேர். மெழுகு உருகுற மாதிரி வாசிக்கிறார் என்று பங்குச்சாமியே ஒருமுறை பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார்.

சுகிர்தா எட்டி, உள்ளங்கையைக் கம்பிகள்மேல் வைத்தார். சத்தம் நின்றது.

இன்னாசி மறுபடி தொடங்கினார். மறுபடி கை வந்தது.

"நான் இன்னும் முடிக்கலையே, டீச்சர்."

"அந்தக் கிட்டார் முடிச்சிருக்கும்."

இன்னாசிக்குப் புரிந்தது. பெங்களூரில் கேட்ட சத்தம் எழுந்த வேகத்தில் அடங்கியது. பட்டென்று வந்து, பட்டென்று போனது. புரிந்ததும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நீளத்தை எடுத்துட்டா என் வாசிப்புல என்ன மிச்சம்?"

"அடுத்த தடவை வரும்போது அவங்க மிஷினை வாங்கிட்டு வாங்க" என்றார் சுகிர்தா. அன்றைய பாடம் அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை, பேட்டரியைச் சரிபார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி இன்னாசி மிஷினைக் கொண்டுவந்தார். சுகிர்தா அதன் ஒலியைக் குறைத்து அவர் காதில் மாட்டினார். மறு காதைப் பஞ்சால் அடைத்தார். பிறகு அவருடைய கிட்டாரையே மடியில் வாங்கி, அவர் வாசிக்கிற மாதிரியே பெடலை மிதித்து, நீளமாக ஒரு வரி வாசித்தார்.

இன்னாசி துள்ளி எழப் பார்த்தார். காதுக்குள் ஏதோ ஊளையிட்டது. ஒரே நாதம் நடுங்கிற்று, உடைந்தது, விசில் போலக் கூவிற்று. எந்தச் சுரம் எங்கே என்று தெரியவில்லை. பாட்டே தெரியவில்லை.

"என்ன டீச்சர் இது?"

"நீளமா ஒரே நாதம் வந்தா, மிஷின் அதைத் தனக்குள்ளயே எழுற விசில்னு நினைச்சு அமுக்கப் பாக்குது."

"இதையா அவ கேட்டுக்கிட்டு இருந்தா?"

"எத்தனை நாள் கேட்டாங்கன்னு தெரியல. அப்புறம்தானே கழட்டி வெச்சாங்க."

இன்னாசி மிஷினைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மாலையானால் தேநீரை ஆற்றி வைத்துவிட்டு, "வாசிங்க" என்று வந்து எதிரே உட்காருகிறவள். அவர் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தபோது அந்த ஊளையைச் சகித்துக்கொண்டு சிரித்தவள். ஒரு நாள்கூட எழுந்து போகவில்லை.

"சொல்லுங்க டீச்சர்" என்றார். "எதை எதை விடணும்?"

சுகிர்தா முதலில் பெடலை எடுத்து மூலையில் வைத்தார். டோன் திருகை மூக்கால் பேசுகிற மாதிரி சத்தம் வரும்வரை திருப்பினார். இன்னாசியின் விரல்களில் இரும்பு நகங்களை மாட்டிவிட்டார்.

"கம்பி முடியுற ஓரத்துல தட்டுங்க. பயப்படாம தட்டுங்க. தட்டினதும் உள்ளங்கை ஓரத்தால தொட்டு விட்டுடுங்க."

"நறநறங்குதே."

"அப்படித்தான் இருக்கும்."

விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கால் தானாக இல்லாத பெடலைத் தேடியது. மாலை வாசிப்பை நிறுத்திவைத்தார்; வீட்டில் ஆம்ப் ஒலிபெருக்கியைப் போடாமல், சலேத்து கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்துப் பழகினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒருவர், "என்ன இன்னாசி, வாசிப்புல ஈரமே காணோம்" என்று கேட்டார். அவர் சிரித்து மழுப்பிவிட்டு வந்தார்.

மூன்றாவது மாதம் ஒரு சாயங்காலம் ஆம்பைப் போட்டார். சலேத்து சமையலறையில் மிக்ஸியில் அரைத்துக்கொண்டிருந்தாள். மருமகளோடு போனில் பேசிவிட்டு வந்ததால் மிஷின் காதிலேயே இருந்தது. இன்னாசி மாதா பாட்டு ஒன்றைத் தட்டினார். ஒவ்வொரு சுரமும் எழுந்து, பளிச்சென்று நின்று, போய்விட்டது.

மிக்ஸி நின்றது.

சலேத்து கைத் துணியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தார்.

"ரெண்டாவது வரியில ஒரு எடம் கீழ இறங்குது" என்றாள்.

"எங்க?"

அவள் பாடிக் காட்டினாள். இன்னாசி உருக்குத் துண்டை மயிரிழை மேலே நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம். ஆங், அதுதான். எப்பவுமே இப்படித்தான் இறக்கி வாசிச்சீங்களா?"

"தெரியல சலேத்து. யாரும் சொன்னதில்ல."

அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அடுப்பில் குழம்பு தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் இருவரும் எழுந்தார்கள்.

சனிக்கிழமை இன்னாசி ஒரு சீப்பு பூவன் வாழைப்பழத்தோடு மேலப்புதூருக்குப் போனார்.

"ரெஸனேட்டர் சத்தம் முழுசா வரல, டீச்சர். பாதிதான் வருது. என்ன இருந்தாலும் இது கரண்ட் கிட்டார்தானே."

"அவங்களுக்குக் கேட்டுச்சா?"

"தப்பு கண்டுபிடிச்சா!" இன்னாசியின் முகம் மலர்ந்தது. "தினமும் ஒண்ணு கண்டுபிடிக்கிறா. நேத்து மூணு."

சுகிர்தா சிரித்தார். பழச்சீப்பை வாங்கி மேசைமேல் வைத்தார்.

இன்னாசி கைகூப்பினார். "நீங்க இல்லேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அவ என்ன தாங்கிக்கிட்டு உக்காந்திருந்தான்னு தெரியாமலே நான் பாட்டுக்கு செத்தே போயிருப்பேன். நன்றி சொல்லணும்னு தோணுச்சு, அதான் வந்தேன்."

"இந்த நன்றியை வீட்டுல அவங்ககிட்ட சொல்லியாச்சா, அங்கிள்?"

இன்னாசி வாயைத் திறந்தார். கூப்பிய கை அப்படியே நின்றது.