முத்துவடிவின் சிவப்பு முந்தானை

கடலில் கிடப்பவையும் கரையில் நடப்பவர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஓங்கிலுக்குத் துள்ளவே தெரியாது. இப்போது டால்பின் என்கிறோமே, அதுதான். மூச்சு வாங்க மூக்கை மட்டும் மெல்ல நீட்டும். மீன்பிடி வள்ளத்தின் நிழல் தெரிந்தால் அந்த மூக்கையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். எல்லாம் பயம்தான். ஓங்கில் எண்ணெய் பூசினால் வள்ளத்து மரம் உளுத்துப் போகாது என்று எவனோ கிளப்பிவிட, மீனவர் துறையே ஈட்டியும் கையுமாகத் திரிந்தது.

ஈட்டி எறிவதில் கொம்பையாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் வேட்டைக்கு எதிராளி அவன் வீட்டிலேயே இருந்தாள், பெண்டாட்டி முத்துவடிவு. குட்டியைப் பறிகொடுத்த ஒரு தாய் ஓங்கில் கரையோரம் வந்து அழுததை அவள் கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வீடு வீடாகப் போய், "புன்னை எண்ணெய் பூசுங்களேன், அதுவும் மரத்தைக் காக்கும்லா?" என்று கேட்டாள்.

"வந்துட்டா, ஓங்கிலுக்கு வக்காலத்து வாங்க!" என்று பெண்களே சிரித்தார்கள்.

கொம்பையா அதற்கும் ஒருபடி மேலே. "ஏட்டி, ஓங்கிலு உனக்குத் தாய்வீட்டுச் சொந்தமா? சீர்வரிசை எதும் அனுப்பணுமா?"

முத்துவடிவுக்கு முகம் சுண்டிப்போகும். மறுநாள் இன்னொரு வாசலில் போய் நிற்பாள். அப்படியொரு பிடிவாதக்காரி.

ஒருநாள், வேட்டைக்குப் போன வள்ளங்கள் கரை திரும்பும் முன்பே மழை மூட்டம் இறங்கிவிட்டது. பட்டப்பகலில் நீட்டிய கை தெரியவில்லை. துறைக்கு முன்னால் நீளமான பாறைத்திட்டு. உள்ளே வர அதில் ஒரே ஒரு இடைவெளி. அது தவறினால் வள்ளம் சுக்குநூறுதான். கரையில் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

முத்துவடிவு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கூப்பிட்டாள். அந்தத் தாய் ஓங்கில் மூக்கை நீட்டியது.

"எங்க ஆளுகளுக்கு வழி காட்டு தாயி. எனக்கு வேற நாதி இல்ல."

"வழி தெரியும். கிட்டப் போனா உன் புருசன் குத்திருவானே! என் குட்டியைக் குத்துன கை அதுதான்."

அது அவளுக்குத் தெரியாது. "அப்ப உங்கிட்டக் கேக்க எனக்கு முகமில்ல" என்று திரும்பினாள்.

"நில்லு" என்றது ஓங்கில். "வேற யாரும் கேட்டா முங்கிப் போயிருப்பேன். எங்களுக்காக நீ வாசல் வாசலா நின்னியே, அது கடலுக்கே தெரியும். போறேன். ஆனா குத்து வாங்காமத் திரும்பணுமே?"

முத்துவடிவு உடுத்தியிருந்த கல்யாணச் சேலையின் சிவப்பு முந்தானையைக் கிழித்து அதன் முதுகுத் துடுப்பில் கட்டினாள். "ஒளிஞ்சு ஒளிஞ்சு போகாத. உசர எழும்பி இதைக் காட்டு. எம் புருசன் மடையன்தான். ஆனா, எஞ் சேலையைக் குத்தமாட்டான்."

ஓங்கில் மறைந்தது. அவள் கரையேறாமல் மூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெகுநேரம் கழித்து, மூட்டத்துக்குள் சிவப்பாக ஏதோ எழும்பி விழுந்தது. மறுபடி எழும்பியது. அதன் பின்னாலேயே இடைவெளி வழியாகக் கொம்பையாவின் வள்ளம், அதைத் தொட்டு மற்ற வள்ளங்கள். போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. ஓடிப்போய்ப் புருஷன் நெஞ்சில் குத்தினாள், அழுதாள், சிரித்தாள்.

"ஈட்டியை எங்க?"

"கை ஓங்கிட்டேன் முத்து. அது திரும்பத் திரும்பத் துள்ளவும்தான் உன் சேலை கண்ணுல பட்டுது. ஈட்டியைக் கடல்ல போட்டுட்டேன்."

அவள் அந்தக் குட்டியைப் பற்றிச் சொன்னாள். கொம்பையா கடலைப் பார்த்துத் திரும்பினான். அந்த ஓங்கிலுக்கு வெறும் கைகள் இரண்டையும் விரித்துக் காட்டினான். பின்னால் நின்ற ஆண்கள் தங்கள் ஈட்டிகளையும் தண்ணீரில் போட்டார்கள். முத்துவடிவைக் கேலி செய்த பெண்கள் மறுநாளே கூடையைத் தூக்கிக்கொண்டு புன்னங்கொட்டை பொறுக்கக் கிளம்பிவிட்டார்கள்.

அந்த முந்தானைத் துணி உப்புநீரில் இற்றுப்போய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் அன்று முதல்தான் ஓங்கில்கள் வள்ளத்தைக் கண்டால் அந்தச் சிவப்புத் துணி இன்னும் முதுகில் இருப்பதைப் போலவே எழும்பி எழும்பிக் காட்டுகின்றன. வள்ளத்தில் இருப்பவர்களும் வெறும் கையை விரித்துக் காட்டிவிட்டு அவற்றுக்கு வழி விடுகிறார்கள்.